மரம் ஏறும் மிஷின் வாங்குவதற்கு முன்

நெடுங்காடு

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பியிருந்த படத்தைப் பார்த்தேன். மரத்தில் பட்டை போட்டு இறுக்கிய இரும்புச் சட்டம், உட்கார ஒரு சின்ன இருக்கை, கால் வைக்க ஒரு தட்டு. அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே ஏறி, சத்தமில்லாமல் காத்திருக்கும் தொங்கு பரண் அது. "நம்ம தென்னைக்கு ஆகுமா மாமா? விலை கம்மியா இருக்கு" என்று கேட்டிருந்தாய். வேட்டைக்காகக் கேட்கவில்லை என்று தெரியும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் நம் நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. நிரவி, திருமலைராயன்பட்டினம் பக்கத்துத் தோப்புகளைக் குத்தகை பேசித் தேங்காய் பறிக்கப் போகிறாய், அதற்காகக் கேட்கிறாய். அந்தப் பரண் உனக்கு ஆகாது.

காரணம் எளிது. வேட்டைக்காரன் ஒரு மரத்தில் ஒரு நாள் முழுக்க உட்காருகிறான். உனக்கு ஒரு மரத்தில் சில நிமிட வேலை, இறங்கியதும் அடுத்த மரம். அந்தப் பரணை ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தால் பத்து மரம் முடிவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதோடு, அந்தச் சட்டம் உன்னை மேலே கொண்டுபோகாது. மேலே போவதற்குத் தனியாக ஏணித்துண்டுகள் கட்ட வேண்டும். காரைக்காலில் அப்படி ஒன்றை மரத்திலேயே விட்டுவைப்பதில் அர்த்தம் இருக்கிறதென்றால் கள் இறக்குபவருக்குத்தான். தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் நம்மூரில் கள்ளுக்கடை உண்டு. அவர் ஒரே மரத்தில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர். இலங்கையின் மேற்குக் கரையில் இதற்கும் ஒரு படி மேலே போய், ஒரு தென்னங்கொண்டையிலிருந்து இன்னொன்றுக்கு வடம் கட்டி, தரைக்கே வராமல் அந்தரத்தில் நடந்துபோய்க் கள் இறக்குகிறார்கள். பார்ப்பதற்கு அழகு. நீ அந்தப் பக்கம் யோசனையைக்கூட விடாதே.

ஆனாலும் அந்த வேட்டைக்காரர்களிடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. பரணில் உட்கார்ந்திருக்கும்போது விழுகிறவர்கள் குறைவு. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும் அந்த ஒரு கணத்திலும்தான் பெரும்பாலும் விழுகிறார்கள். அதனால் தரையில் நிற்கும்போதே உடம்பைக் கயிற்றோடு பிணைத்துக்கொள், மறுபடி தரையைத் தொடும்வரை அவிழ்க்காதே என்பதை அங்கே முதல் விதியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பரண் பெரும்பாலும் 300 பவுண்டு, அதாவது சுமார் 136 கிலோ, தாங்கும் என்று எழுதி வரும். அந்த எண் இரும்பின் பலத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். கால் வழுக்கினால் உன்னைப் பிடிப்பது பெல்ட்டும் கயிறும்.

இனி நம் கருவிகளுக்கு வருவோம். கடையில் எத்தனை பெயர் சொன்னாலும் உனக்கு முன்னால் இருப்பது இரண்டு வகை. ஒன்று நின்றுகொண்டு ஏறுவது. கேரளத்தில் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் என்ற விவசாயி உருவாக்கியது, அதனால் செம்பேரி மாடல் என்பார்கள். இடது காலுக்கு ஒரு சட்டம், வலது காலுக்கு ஒரு சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிவரும் கம்பிவடம். காலும் கையும் சேர்ந்து தூக்கினால் வடம் தளரும், மிதித்தால் இறுகும். படியேறுவது மாதிரி மாறி மாறிப் போகலாம். எடை கம்மி, விலை கம்மி, பழகிவிட்டால் வேகம். இன்னொன்று உட்கார்ந்து ஏறுவது. மேல் சட்டத்தில் இருக்கை, கீழ்ச் சட்டத்தில் கால். உட்கார்ந்து காலால் கீழ்ச் சட்டத்தைத் தூக்க வேண்டும், பிறகு எழுந்து கையால் மேல் சட்டத்தைத் தூக்க வேண்டும். மெதுவாகத்தான் போகும். சுமக்கவும் பாரம். ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபின் இரண்டு கையும் உனக்குச் சொந்தம்.

எது வாங்கலாம் என்று விலையை வைத்து முடிவு செய்யாதே. நீ எதை வெட்டப் போகிறாய் என்பதை வைத்து முடிவு செய். நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை முற்றின காயைப் பறிக்கும் தோப்பு என்றால் குலையை அரிவாளால் தட்டிக் கீழே விட்டுவிடலாம். ஒரு கை போதும், நாளொன்றுக்கு மரக்கணக்குதான் முக்கியம். அங்கே செம்பேரி மாடல் நல்லது. இளநீர் அப்படியல்ல. போட்டால் வெடித்துவிடும். குலையைக் கயிற்றில் கட்டி, மட்டைக்காம்பின் மேல் போட்டு, மெல்ல இறக்க வேண்டும். அதற்கு இரண்டு கையும் வேண்டும், நிதானமும் வேண்டும். சனிக்கிழமை திருநள்ளாற்றில் கூடும் கூட்டத்தையும், வெயில் காலத்தில் வழிநெடுக நிற்கும் இளநீர் வண்டிகளையும் யோசித்துப் பார். உன் வருமானத்தில் பாதி இளநீரிலிருந்து வரும் என்று எனக்குப் படுகிறது. அப்படியானால் உட்காரும் வகையையே பார். குலையின் பாரம் எந்த நேரத்திலும் உன் இடுப்பிலோ, கருவியின் சட்டத்திலோ தொங்கக் கூடாது. கீழே கயிற்றைப் பிடித்து இறக்க ஆள் இருக்க வேண்டும்.

செம்பேரி மாடலில் ஒரு ஆபத்து இருக்கிறது, விற்பவர் சொல்லமாட்டார். கால்கள் சட்டத்துக்குள் மாட்டியிருக்கும். கைப்பிடி நழுவினால் உடம்பு பின்னால் சாய்ந்து, தலைகீழாகத் தொங்க நேரும். காசர்கோட்டில் இருக்கும் மத்திய தோட்டப்பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் இதற்காகவே அந்த மாடலோடு பொருத்திக்கொள்ள ஒரு பாதுகாப்பு இணைப்பை உருவாக்கியது. அது இல்லாத செம்பேரி மிஷினை யார் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதே.

இரண்டு வகைக்கும் பெல்ட் வேறு, மிஷின் வேறு. கடைக்காரர் இடுப்புக்கு மட்டும் ஒரு பட்டையைக் கொடுத்து "சேஃப்டி பெல்ட்டும் சேர்த்துத்தான் சார் விலை" என்பார். இடுப்புப் பட்டையோடு விழுந்தால் மொத்த எடையும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றிவரும் முழு உடல் பெல்ட்டாக வாங்கு. கட்டடத் தொழிலாளர்கள் போடுவதுதான். தைத்திருக்கும் சீட்டில் ஐ.எஸ். 3521 என்ற எண் இருக்கிறதா என்று பார். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் தொடவே தொடாதே. உன் கையிலிருக்கும் பணம் பத்தாது என்றால் மிஷினைப் பழையதாக வாங்கு, பெல்ட்டை மட்டும் புதிதாக வாங்கு. பழைய மிஷினின் குறையைக் கண்ணால் பார்த்துவிடலாம். வெயிலில் கிடந்து உள்ளுக்குள் இற்றுப்போன நைலான் பட்டையைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். ஒருமுறை ஒருவரை விழாமல் பிடித்த பெல்ட்டை யாரும் மறுபடி போடக் கூடாது, வெட்டித்தான் எறிய வேண்டும். பழைய பெல்ட்டின் கதையை உனக்கு யார் சொல்வார்கள்?

பெல்ட்டிலிருந்து மரத்தைச் சுற்றிப் போகும் கயிறு ஒன்று இருக்கும். தென்னையில் கிளை கிடையாது, அதனால் அடியிலிருந்து கொண்டைவரை அதை அவிழ்க்க வேண்டிய அவசியமே இல்லை. கூடவே தள்ளிக்கொண்டு போகலாம். வேட்டைக்காரனுக்குக் கிடைக்காத வசதி இது. ஆனால் வெறுமனே வளையமாகப் போட்ட கயிறு, நீ வழுக்கினால் மரத்தோடு சேர்ந்து சறுக்கிக்கொண்டு கீழே வரும். இழுபட்டால் மரத்தை இறுக்கிப் பிடிக்கிற சுருக்கு வகையாக அது இருக்க வேண்டும். மார்புக்கு மேலேயே எப்போதும் வைத்திரு, தொய்வு விடாதே. கொக்கி தானாகத் திறக்காத பூட்டுக் கொக்கியாக இருக்கட்டும். கொண்டைக்குப் போனதும் சிலர் கயிற்றை மட்டையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். பழுத்த மட்டை எந்த நேரமும் கையோடு வரும். கட்டுவது மட்டைக்குக் கீழே, தண்டில்.

இன்னொன்றையும் கேள். விழாமல் பெல்ட்டில் தொங்கினாலும் நீ பிழைத்துவிட்டதாக ஆகாது. அசையாமல் தொங்கினால் தொடைப்பட்டை அழுத்தி ரத்தம் கால்களில் தங்கிவிடும், கொஞ்ச நேரத்தில் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகும். அதனால் தனியாக ஏறவே கூடாது. கீழே நிற்பவருக்கும் ஏறத் தெரிந்திருக்க வேண்டும், அவர் கையில் இன்னொரு மிஷின் இருந்தால் இன்னும் நல்லது. தோப்புக்காரர் ஒரு ஆள் கூலியை மிச்சம் பிடிக்கச் சொன்னால் அந்தத் தோப்பே வேண்டாம் என்று வந்துவிடு.

நம் கடற்கரைக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு. கோயம்புத்தூரில் பத்து வருஷம் வரும் இரும்பு, இங்கே உப்புக்காற்றில் சில வருஷத்திலேயே பொரிந்துவிடும். கம்பிவடம் உள்ளிருந்து துருப்பிடிக்கும், வெளியே பார்க்கப் பளபளப்பாகவே இருக்கும். வாரம் ஒருமுறை பழைய துணியை வைத்து வடம் முழுக்க உருவு. ஒரே ஒரு இழை அறுந்து துணியில் சிக்கினாலும் வடத்தை மாற்று. போல்ட்டும் நட்டும் துருப்பிடிக்காத எஃகில் போட்டுக்கொள், அது பெரிய செலவில்லை. மரத்தைப் பிடிக்கும் ரப்பர் கட்டை வழவழப்பாகத் தேய்ந்துவிட்டால் கருவி பிடிக்காது. மாற்று ரப்பர் எங்கே கிடைக்கும் என்று வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள். உதிரிப்பாகம் கிடைக்காத மலிவு மிஷின் ஒரு வருஷத்தில் பழைய இரும்பு. ஐப்பசி, கார்த்திகையில் தண்டு பாசி பிடித்து வழுக்கும். அந்த இரண்டு மாதமும் மழை விட்டு மரம் காயாமல் ஏறாதே. காய் போனால் போகட்டும்.

கருவியைப் பற்றி இவ்வளவு சொல்லியாகிவிட்டது. ஆனால் அது பிடித்து நிற்பது மரத்தை. மரம் சரியில்லை என்றால் எந்த மிஷினும் உதவாது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்த பிறகு நம் பக்கத்தில் சாய்ந்து நிற்கும் மரங்கள் நிறைய. நிமிர்ந்த மரத்துக்காகச் செய்த கருவி அவற்றில் சரியாகப் பிடிக்காது, ஒரு பக்கமாகத் திரும்பும். அடித்தண்டில் செம்பழுப்பாகப் பிசின் மாதிரி வடிகிறதா பார். அது தஞ்சாவூர் வாடல் நோய், 1952 புயலுக்குப் பிறகு தஞ்சைப் பகுதியில் கண்டறிந்தது. அந்த மரத்தின் வேர் அழுகிக்கொண்டிருக்கும். தண்டில் ஓட்டையும், சக்கை வெளியே தள்ளியும் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம், கொண்டை ஒருநாள் அப்படியே முறிந்து விழும். இந்த மரங்களை உடையவரிடம் சொல்லிவிட்டு ஒதுக்கிவிடு. கதண்டுக் கூடு இருந்தால் பகலில் அந்த மரத்தின் பக்கமே போகாதே. மின்கம்பி பக்கத்தில் இருந்தால் மின்துறையிடம் சொல்லி லைனை நிறுத்தாமல் ஏறாதே. கீழே நின்றே பறித்துவிடலாம் என்று அலுமினியத் தொரட்டியை நீட்டுவது அதைவிட மோசம்.

செலவு விஷயத்துக்கு வருகிறேன். உன் கேள்வியே அதுதான். நீ இப்போதைக்கு மிஷினே வாங்க வேண்டியதில்லை. தென்னை வளர்ச்சி வாரியம் 2011இலிருந்து 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்ற பயிற்சியை நடத்திவருகிறது. ஆறு நாள். முடித்தால் ஏறும் கருவி இலவசம். ஏறுவது மட்டுமில்லை, மரத்தைச் சுத்தம் செய்வது, வண்டுக்கு மருந்து வைப்பது, இளநீரையும் முற்றின காயையும் பிரித்துப் பார்ப்பது எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அந்த வேலைகளுக்குத் தனிக் கூலி கேட்கலாம். வாரியத்தின் கேர சுரக்ஷா விபத்துக் காப்பீடும் இருக்கிறது. பிரீமியத்தில் பெரும்பங்கை வாரியமே கட்டுகிறது, மீதிதான் உன் பங்கு. எல்.ஐ.சி. ஏஜென்ட் யாரும் மரம் ஏறுகிறவனைத் தேடி வரமாட்டார், இதை விட்டுவிடாதே. மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் போய்க் கேள். அங்கே அடுத்த அணி இல்லையென்றால் எங்கே, எப்போது என்று சொல்வார்கள். செருமாவிலங்கையில் நம் வேளாண் கல்லூரியிலும் விசாரித்துப் பார்.

"ஐ.டி.ஐ. படிச்சிட்டு மரம் ஏறப் போறானாம்" என்று உறவில் யாராவது பேசினால் உன் அம்மா வருத்தப்படுவாள். அதை அக்காவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஏறத் தெரிந்த ஆள் கிடைக்காமல் காய் தானாக உதிரும்வரை காத்திருக்கும் தோப்புக்காரர்கள் எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். உனக்கு வேலை இல்லாமல் போகாது.

பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டு எனக்குப் போன் பண்ணு. மிஷின் அவர்களே தருவார்கள். முழு உடல் பெல்ட்டுக்கும் கயிற்றுக்கும் ஆகும் பணம் என் கணக்கு, சீட்டைப் பார்க்க நானும் கடைக்கு வருகிறேன். அதுவரை பக்கத்து வீட்டு மரமானாலும் ஏறாதே.

அன்புடன்,
மாமா