ஏ ஷிப்டும் கீபோர்டு ஷிப்டும்

கேள்வி: ஒரகடம் கம்பெனியில் ஏ ஷிப்ட், பி ஷிப்ட் என்று மாறி மாறிப் போகிறேன். கம்ப்யூட்டர் கீபோர்டிலும் ‘ஷிப்ட்’ இருக்கிறதே, இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகர், மணிமங்கலம்

பதில்: வேர் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் ‘ஷிப்டன்’ என்றால் பங்கிடுவது, ஒழுங்குபடுத்துவது. இடம் மாறுவது என்ற பொருள் பிறகு வந்தது. உடை மாற்றுவதையும் அப்படியே சொல்லி, கடைசியில் பெண்களின் உள்ளாடைக்கே ஷிப்ட் என்று பெயர் வைத்துவிட்டார்கள்! 1878இல் வந்த ரெமிங்டன் 2 தட்டச்சுப் பொறியில் ஷிப்ட் விசையை அழுத்தினால் காகித உருளை நிஜமாகவே நகரும். பெரிய எழுத்து விழும். இன்றைய கீபோர்டில் எதுவும் நகர்வதில்லை, பெயர் மட்டும் தங்கிவிட்டது. உங்கள் வேலை ஷிப்டுக்குத் தமிழ் தேடி அலைய வேண்டாம். ஏரித் தண்ணீரை வயலுக்கு வயல் பங்கிட்டுத் திருப்பும்போது விவசாயிகள் சொல்லும் ‘முறை’ அதுதான்.