ஏழு மணி நேரத்தில் பாரிஸின் ஒரு தெரு

ரொறன்ரோவுக்குப் போகும் வழியில் பாரிஸ் விமான நிலையத்தில் ஏழு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுடன் வெளியே வர ஷெங்கன் விசா தேவை. அதை முன்பே எடுத்திருந்தேன்.

மாணவிகளே, இப்படியான நேரத்தைக் கடைசியிலிருந்து எண்ணுங்கள். திரும்பிவந்து விமானம் ஏற இரண்டரை மணி, ரயிலுக்கு ஒன்றரை, கடவுச்சீட்டு வரிசைக்கு ஒன்று. மிஞ்சியது இரண்டு மணி. ஈஃபிள் கோபுரத்தை விட்டுவிட்டு ஒரே தெருவைத் தெரிந்தெடுத்தேன்.

கார் து நோர் ரயில் நிலையத்தருகே ஓடும் ஃபோபூர் சென் தெனி தெரு அது. வடமுனையில் லாச்சப்பல். போரினால் புலம்பெயர்ந்த நம்மவரின் கடைகள் அங்கேதான். முருங்கைக்காய் விற்றவர், "பிள்ளை எந்த ஊர்?" என்றார். சண்டிலிப்பாய் என்றேன். "மானிப்பாய்ச் சந்தை இப்பவும் அதே இடத்திலயோ?" கணக்கில் இல்லாத கால் மணி அங்கே போயிற்று. போகட்டும்.

பிறகு தெற்கே நடந்தேன். செய்ன் நதியிலிருந்து விலகிச்செல்லும் தெருக்களில் ஆற்றுப் பக்கத்திலிருந்தே வீட்டிலக்கம் தொடங்கும். 1805இல் வந்த விதி இது. இலக்கம் குறைந்தால் நகர நடுவை நெருங்குகிறோம். பிரெஞ்சு தெரியாத எனக்கு அதுவே திசைகாட்டி. ஃபோபூர் என்றால் நகர மதிலுக்கு வெளியே இருந்த பகுதி. இலக்கம் 1ஐ எட்டியதும், பதினான்காம் லூயி மன்னனின் வெற்றிக்காக 1672இல் எழுப்பிய சென் தெனி வாயில் எதிரே நின்றது. அதற்கப்பால் பழைய நகரம். நேரம் முடிந்திருந்தது; இலக்கங்கள் ஏறும் பக்கமாகத் திரும்பி நடந்தேன்.