'ட' வடிவக் கூடமும் புது ஸ்பீக்கரும்

கேள்வி: 'ட' எழுத்தாக மடங்கிய எங்கள் கூடத்தில் ஸ்பீக்கரின் இடப்பக்கத்து ஒலி தடித்தும் வலப்பக்கத்து ஒலி மெலிந்தும் கேட்கிறது. இன்னும் உயர்ந்த ஜோடி வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஒன்றன் அருகே சுவரும் மற்றதன் அருகே வெட்டவெளியுமாக இருக்கையில், சுவரை ஒட்டிய பக்கத்தில் மந்தர நாதம் பருத்தும் மறுபக்கத்தில் இளைத்தும் ஒலிப்பது கூடத்தின் சுபாவமேயன்றிக் கருவியின் தோஷமன்று. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே 5 மீட்டர் இருந்தால், எவ்வளவு விலையுயர்ந்த பெட்டியானாலும், சுமார் 34 ஹெர்ட்ஸில் நாதம் தேங்கி முழங்கவே செய்யும். பழைய ஜோடியையே நீண்ட பகுதியின் கோடிச் சுவருக்குப் பெயர்த்து, இருபுறமும் ஒத்த சுவர் அமையுமாறு வைத்து, ஒரு மிருதங்கத் தனியைக் கேளுங்கள். வலந்தலையும் தொப்பியும் பிரிந்து அலையாமல் நடுவில் ஒரே வாத்தியமாக நின்றால் பணம் மிச்சம்.

வாங்கியே தீருவதென்றால், 1957-இல் இங்கிலாந்தில் வெளிவந்த குவாட் மின்நிலை ஸ்பீக்கரைப் போல, பெட்டியின்றி முன்னும் பின்னும் ஒலித்துப் பக்கவாட்டில் ஏறக்குறைய மௌனம் சாதிக்கும் இனத்தின்மீதே எனக்குப் பட்சபாதம். அதைப் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். பிறகு நடக்க இடமிருக்குமா என்பது வேறு விஷயம்.