நினைவுத் தூணருகே ஒன்றுகூடல்

ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரே உள்ள பூங்காவில் போர் நினைவுத் தூண் ஒன்று நிற்கிறது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த பேராக் மாநிலத்தவர்களுக்காக அது எழுப்பப்பட்டது. பின்னாளில் இரண்டாம் உலகப் போர், அவசரகாலம் ஆகியவற்றில் மாண்டோருக்கான பலகைகளும் அதில் பதிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, சயாம்–பர்மா இரயில் பாதையில் மடிந்தவர்களை நினைவுகூர்கிறது.

ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாதையை ஜப்பானியர் 1942, 1943ஆம் ஆண்டுகளில் அமைத்தனர். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கைதிகளும் அவர்களைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்களும் அங்கு வேலை வாங்கப்பட்டனர். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களும் அவர்களுள் அடங்குவர். வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் எண்ணற்றோரைப் பலி கொண்டன. மாண்ட கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனாபுரியில் வரிசையாக உள்ளன. தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோருக்குத் தனிக் கல்லறையும் இல்லை. பெயர்ப் பட்டியலும் இல்லை.

இறந்த நாள் தெரியாததால், பல குடும்பங்களால் அவர்களுக்குத் திதி கொடுக்கவும் இயலவில்லை. திதி அறியாதோருக்கு மகாளய அமாவாசையில் படைப்பது வழக்கம். அது வீட்டளவில் நடைபெறும் கடமை. சமூகம் தன் கடமையை நிறைவேற்ற, எல்லாரும் கூடும் இடம் ஒன்று தேவைப்படுகிறது. கல் நட்டு இறந்தோரைப் போற்றுவது தமிழரின் தொன்மையான மரபு. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரையிலான படிநிலைகளைத் தொல்காப்பியம் கூறுகிறது. அம்மரபையொட்டி, 2023இல் காஞ்சனாபுரியில் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல் ஒன்று நிறுவப்பட்டது.

பொதுப் பூங்காவில் நினைவு நிகழ்ச்சி நடத்துவோர் சிலவற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். முதலில், இடத்தைப் பராமரிக்கும் மன்றத்திடம் எழுத்து வழி அனுமதி பெற வேண்டும். மாண்டவர்கள் பல இனத்தவர், பல சமயத்தவர். ஆகவே, மலர்வளையம் வைத்தல், மௌன அஞ்சலி, சிற்றுரை என அனைவரும் பங்குகொள்ளத்தக்க முறையே பொருத்தமானது. கற்பூரத்தைக் கல்லின் மீது ஏற்றினால் கரி படியும். அதைத் தவிர்க்க வேண்டும். ஒலிபெருக்கியின் ஓசை அடங்கியிருக்க வேண்டும். வாடிய மாலைகளை அன்றே அகற்ற வேண்டும்.

இவற்றைவிட முக்கியமான ஆயத்தம் ஒன்று உண்டு. தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. அங்கு வாழ்ந்தோர் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். "சயாமுக்குப் போனவர் திரும்பவில்லை" என்று சொல்லக்கூடிய முதியவர்களும் குறைந்து வருகின்றனர். அவர்களிடம் கேட்டு, போனவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுதி வைக்கலாம். நிகழ்ச்சியன்று அப்பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கலாம். பலகையில் இடம்பெறாத பெயர், அன்றாவது ஊரார் காதில் விழும்.

அருஞ்சொற்பொருள்
நடுகல் – இறந்தோர் நினைவாக நடப்படும் கல்
திதி – இறந்த நாளில் செய்யும் சடங்கு
துண்டாடல் – தோட்டத்தைச் சிறு பகுதிகளாகப் பிரித்து விற்றல்

கருத்துணர் வினாக்கள்
1. போர்க்கைதிகளுக்கும் தோட்டத் தொழிலாளர்களுக்கும் அமைந்த நினைவில் காணப்படும் வேறுபாடு யாது?
2. பொது நினைவு நிகழ்ச்சியில் பெயர்களை வாசிப்பதன் நோக்கத்தை விளக்குக.