எம்.எஸ். போதுமா, எம்.சிஎச். வேண்டுமா?

கேள்வி: என் தம்பி மகன் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடிக்கப்போகிறான். கூடப் படிப்பவர்கள் எம்.சிஎச். நுழைவுத் தேர்வுக்கு மாய்ந்து மாய்ந்து படிக்கிறார்கள். இவன் ‘போதும் அத்தை’ என்கிறான். இதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பணம்தானே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: கேள்வியோடு பதிலையும் சேர்த்தே அனுப்பிவிட்டீர்கள், அம்மா! ஆனால் பணம்தான் காரணம் என்றால், இதய அறுவை சிகிச்சை இடங்களுக்கு அல்லவா அடிதடி நடக்க வேண்டும்? கலந்தாய்வு முடிந்த பிறகும் பல ஆண்டுகளாகக் காலியாகக் கிடப்பவற்றில் அவையும் உண்டு. யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை அறுவை, சீக்கிரமே நிரம்பிவிடுகிறது.

எம்.சிஎச். என்பது எம்.எஸ்.ஸுக்கு மேல் ஒரே துறையில் 3 ஆண்டு படிக்கும் உயர் சிறப்புப் பட்டம். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.எஸ். 3, இது 3. இடையில் ஓராண்டுகூட வீணாகாவிட்டாலும் வயது முப்பதை நெருங்கிவிடும். ஆகவே அவர்கள் பார்ப்பது, சொந்தப் பொறுப்பில் கத்தி பிடிக்க இன்னும் எத்தனை காலம் என்பதைத்தான்.

இதய அறுவைக்கு இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். அறுவையின்போது ரத்தத்தை ஓட்டும் கருவி அது. அதை இயக்க ஆள், தீவிர சிகிச்சைக் குழு, எல்லாம் வேண்டும். இவை பெரிய மருத்துவமனையில்தான் இருக்கும்; அங்கே மூத்தவருக்கு உதவியாகப் பல ஆண்டு நிற்க நேரும். போதாக்குறைக்கு, 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் இதயத் தமனி அடைப்பை பலூனால் விரித்துக் காட்டினார். அதன்பின் பைபாஸுக்குப் போயிருக்க வேண்டிய பலர் அறுவையே இல்லாமல் வீடு திரும்புகிறார்கள். யூராலஜி படித்தவரோ நடுத்தர ஊரிலேயே கல் எடுக்கலாம், புராஸ்டேட் பார்க்கலாம்.

அந்தக் கல்லும் புராஸ்டேட்டும் ஒரு காலத்தில் பொது அறுவை மருத்துவரிடம்தான் வந்தன. இன்று மாநகர மருத்துவமனைகளில் ஒவ்வொன்றுக்கும் தனி ஆள். நோயாளிகளும் ‘ஸ்பெஷலிஸ்ட் யார்?’ என்றுதான் கேட்கிறார்கள். அங்கே தொழில் செய்ய நினைப்பவருக்கு எம்.சிஎச். ஏறக்குறையக் கட்டாயம். தாலுகா ஊரில் குடல்வால், குடலிறக்கம், பித்தப்பை, சர்க்கரைப் புண் பார்க்க எம்.எஸ். தாராளம். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளை வழி அறுவையில், கை இன்னும் தேற வேண்டும் என்பவர்களுக்கு ஃபெலோஷிப் என்னும் குறுகிய பயிற்சி உண்டு.

அவர்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. எந்தப் பேராசிரியர் நம்பிக் கத்தியைக் கையில் கொடுத்தாரோ, அவருடைய துறை மனதில் ஒட்டிக்கொள்ளும். ஓரமாக நிற்க வைத்துக் கொக்கி பிடிக்க மட்டும் சொன்ன துறை கசந்துபோகும். என் கணக்கில், பணத்தைவிட இதற்கு எடை அதிகம்.

தம்பி மகன் எந்த ஊரில் தொழில் செய்ய நினைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். பின்னால் மனம் மாறினாலும் குடிமுழுகிப் போகாது: அரசுப் பணியில் சேர்ந்தால், தமிழ்நாட்டு அரசு மருத்துவக் கல்லூரிகளின் உயர் சிறப்பு இடங்களில் 50 விழுக்காடு அரசுப் பணி மருத்துவர்களுக்கே ஒதுக்கப்படுகிறது.