பகடை சொல்லும் பாதை: கிரிவல வட்டத்தில் நிகழ்தகவு

வகுப்பு: 9, 10
தேவை: குழுவுக்கு ஒரு பகடை, ஒரு தாள்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில், நம் மாவட்டத்தின் அகரம்பள்ளிப்பட்டில் தென்பெண்ணையாற்றுப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. “ஓர் இணைப்பு அறுந்தால் போக்குவரத்தே நின்றுவிடுமா?” என்று கேட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். சாலை, மின்கம்பி, தொலைபேசி என எல்லா வலையமைப்புக்கும் இது பொருந்தும்.

செயல்பாடு

கிரிவலப் பாதை சுமார் 14 கி.மீ. அதை வட்டமாக வரைந்து, அஷ்ட லிங்கங்களை எட்டுப் புள்ளிகளாகக் குறிக்கவும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே எட்டுத் துண்டுகள் கிடைக்கும். துண்டுக்கு ஒருமுறை பகடையை உருட்டவும். 1 விழுந்தால் அத்துண்டு அடைபட்டது. எட்டு உருட்டல்கள் சேர்ந்தது ஒரு முயற்சி. எந்த லிங்கத்திலிருந்தும் மற்ற எல்லா லிங்கத்துக்கும் செல்ல முடிந்தால் அது வெற்றி.

ஒரு துண்டு அடைபட்டால் மறுபுறமாகச் சுற்றிச் செல்லலாம்; இரண்டு அடைபட்டால் வட்டம் பிரிந்துவிடும். இதை மாணவர்களே கண்டுபிடிக்கட்டும்.

எட்டுக் குழுக்களும் பத்து முயற்சிகள் செய்யட்டும். ஒரு குழுவுக்கு 4 வெற்றியும் இன்னொன்றுக்கு 8 வெற்றியும் கிடைக்கலாம். யாரும் தவறு செய்யவில்லை. எண்பதையும் சேர்த்துப் பட்டறி நிகழ்தகவு காணும்போது விடை பெரும்பாலும் 0.60-ஐ ஒட்டி வரும். முயற்சிகளை நான்கு மடங்காக்கினால் பிழை ஏறத்தாழ பாதியாகும்.

சரிபார்த்தல்

எதுவும் அடைபடாமலிருக்க (5/6)⁸. ஒன்று மட்டும் அடைபட 8 × (1/6) × (5/6)⁷. கூடுதல் சுமார் 0.60.

இப்போது குபேர லிங்கத்துக்கும் ஈசான்ய லிங்கத்துக்கும் இடையேயுள்ள துண்டை அழித்துவிடுங்கள். மீதி ஏழும் திறந்திருந்தால்தான் வெற்றி: (5/6)⁷, அதாவது சுமார் 0.28. ஒரே ஓர் இணைப்பு எவ்வளவு தாங்குகிறது என்பதை மாணவர்கள் கண்ணால் காண்பார்கள்.

ஏன் பகடை?

இருபது இணைப்புகள் இருந்தால் திறப்பு, அடைப்பு நிலைகள் 2²⁰. பத்து லட்சத்துக்கும் மேல். எல்லாவற்றையும் எழுதிப் பார்க்க முடியாது. சிலவற்றைக் குருட்டாம்போக்கில் எடுத்துப் பார்க்கலாம். 1946-இல் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாமுக்குத் தோன்றிய இந்த வழிக்கு மான்டி கார்லோ முறை என்று பெயர்.

ஓர் எச்சரிக்கை

ஒரு துண்டு அடைபடுவது மற்றதைப் பாதிக்காது என்று நம் பகடை எடுத்துக்கொள்கிறது. வெள்ளமோ அருகருகே உள்ளவற்றைச் சேர்த்தே அறுக்கும். அதற்கு விதியை எப்படி மாற்றலாம்? இக்கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுங்கள். மறுநாள் வகுப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.