லாரிக்கு இரும்புக் கவசம்

கேள்வி: மெக்சிகோவில் போதைக் கும்பல்கள் தாங்களே கவச வண்டி செய்கிறார்களாமே! ராணுவத்தின் முன் தாக்குப்பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. 2011-இல் தமௌலிபாஸ் மாநிலத்தில், கமார்கோ என்ற ஊரில், இவற்றைச் செய்த பட்டறையையே ராணுவம் கைப்பற்றியது. லாரியைச் சுற்றி ஓர் அங்குலத் தடிமனுள்ள எஃகுத் தகடு, துப்பாக்கி நீட்ட ஓட்டைகள். சாதாரணத் தோட்டா உள்ளே போகாதுதான். ஆனால் அத்தனை எடையை எஞ்சினும் சஸ்பென்ஷனும் தாங்காமல் திணறும், வேகம் செத்துவிடும். டிரைவருக்கு ஒரு கீற்று வழியேதான் சாலை தெரியும். டயர் போனால் நின்ற இடத்திலேயே சிக்க வேண்டியதுதான். டாங்கி எதிர்ப்பு ஆயுதத்தின் முன் அந்தத் தகடு ஒரு பொருட்டே அல்ல. பெரும்பாலும் போட்டிக் கும்பலோடு மோதத்தான் இவற்றைக் கட்டுகிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு ஊரைக் காலிசெய்வது அப்பாவி மக்கள். வீடியோக்களில் இவற்றைப் பார்த்து வியக்காதீர்கள்.